ஏழு கிலோ துறவு

திருச்சி விமான நிலையம், அதிகாலை 2 மணி. செக்-இன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவருக்கு ஐம்பது வயது இருக்கும். அறந்தாங்கிப் பக்கம். துபாயில் ஏசி டக்ட் வேலை, பதினெட்டு வருஷம். வரிசை நகராத அரைமணி நேரத்தில் இவ்வளவும் அவரே சொன்னார். நைலான் கயிறு நாலு சுற்றுச் சுற்றிய அட்டைப்பெட்டி. அதன் நாலு பக்கமும் மார்க்கர் பேனாவில் பெயர், ஊர், கைபேசி எண்.

பெட்டியைத் தராசில் ஏற்றினார். 34.6.

“சார், 30 கிலோதான் அலவ்டு. 4.6 கூட இருக்கு. 5 கிலோவுக்குக் கட்டணும். கிலோ 600.”

“3000 ரூவாயா?”

“இல்லன்னா எடுத்துடுங்க சார். ஓரமா வச்சு எடுங்க. நெக்ஸ்ட்.”

நெக்ஸ்ட் நான்தான். முதுகில் ஒரே ஒரு பை, 6.8 கிலோ. வீட்டிலேயே கொக்கித் தராசில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டு வந்தது. செக்-இன் லக்கேஜ் எதுவுமில்லை என்றேன். கவுண்டரில் இருந்த பெண் முதல்முறையாகச் சிரித்தார். போர்டிங் பாஸ் நாற்பது நொடியில் வந்தது. பக்கத்தில் அவர் தரையில் உட்கார்ந்து பல்லால் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, உங்ககிட்டதான் பெட்டி இல்லையே. இந்த ரெண்டு பொட்டலத்த மட்டும் உங்க பேர்ல போட்டுக்கறீங்களா? அங்க எறங்குனதும் வாங்கிக்கறேன்.”

முடியாது என்றேன். அது சரியான பதில்தான், இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாதவரின் பொட்டலத்தை வளைகுடா நாட்டுக்குள் கொண்டுபோவது விளையாட்டல்ல. நம் ஊர்க் குருமாவில் அரைத்துவிடுகிற கசகசா அங்கே தடைசெய்யப்பட்ட பொருள், ஜெயிலுக்குப் போகலாம். ஆனால் அந்தக் கணத்தில் என் மனதில் ஓடியது கசகசா இல்லை. “இவ்வளவு எதுக்குத் தூக்கிட்டு வர்றாங்க?” என்பதுதான். அந்த ஒரு வாக்கியத்தின் மேல் எனக்குத் தீராத கோபம் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் கோபத்தில் எழுதுவது.

அந்த வாக்கியம் என் மதத்திலிருந்து வந்தது. ஒற்றைப் பை மதம். உங்களில் பலரும் அதன் பக்தர்கள் என்பது தெரியும். ஜீன்ஸுக்குப் பதில் மெல்லிய டிராக் பேண்ட், மூன்று டீசர்ட், துணியை மடிக்காமல் சுருட்டு, ஷாம்பூவுக்குப் பதில் கட்டி சோப்பு, புத்தகத்துக்குப் பதில் கிண்டில். நான் இன்னும் ஒருபடி மேலே போய் ஒவ்வொரு பொருளின் எடையையும் எக்ஸெல்லில் போட்டு வைத்திருந்தேன். சார்ஜர் 112 கிராம், பெல்ட் 180 கிராம், பெல்ட் தேவையா? எஞ்சினியரிங் படித்தவனிடம் தராசைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். பை லேசானால் வாழ்க்கை லேசாகும் என்று யூடியூபில் ஒருவர் சொல்வார். அவர் பின்னால் எப்போதும் ஒரு கடற்கரை இருக்கும்.

இந்த மதத்தின் வேதநூலை எழுதியது துறவியில்லை. விமான நிறுவனத்தின் வருவாய்ப் பிரிவு எழுதியது. 7 கிலோ என்ற எண் எங்கிருந்து வந்தது? 55 சென்டிமீட்டர், 35 சென்டிமீட்டர் எல்லாம் எங்கிருந்து வந்தன? அவர்கள் போட்ட கட்டணப் பட்டியலை நாம் வாழ்க்கைத் தத்துவமாக மொழிபெயர்த்துக்கொண்டோம். பிறகு அதற்குள் அடங்காதவரைப் பார்த்து முகம் சுளிக்கவும் கற்றுக்கொண்டோம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ‘எடை கூடினால் எரிபொருள் கூடும், அதற்குத்தான் காசு’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் நியாயம். கூடுதலாக ஒரு கிலோவைத் தூக்கிக்கொண்டு பறக்க, மணிக்கு அந்த எடையில் சுமார் 3 சதவீதம் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும் என்பது விமானத் துறையில் புழங்கும் தோராயக் கணக்கு. விமானத்துக்கு விமானம் கொஞ்சம் மாறும். திருச்சியிலிருந்து துபாய்க்கு ஏறக்குறைய 4 மணி நேரம். ஆக ஒரு கிலோவுக்கு 120 கிராம் எரிபொருள், அதாவது 150 மில்லி. ஒரு டீ கிளாஸ். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 15 ரூபாய். 5 கிலோவுக்கு 75 ரூபாய். அவரிடம் கேட்டது 3000. நாற்பது மடங்கு.

சரி, எரிபொருள் மட்டுமா செலவு? பெல்ட் ஓட வேண்டும், ஸ்கேனர் வேண்டும், வெயிலில் நின்று பெட்டியைத் தூக்கி வயிற்றுக்குள் அடுக்கும் லோடருக்குக் கூலி வேண்டும். உண்மைதான். ஆனால் அந்தச் செலவெல்லாம் பெட்டிக்கு ஆகும் செலவு, கிலோவுக்கு ஆகும் செலவு இல்லை. 30 கிலோ பெட்டியைத் தூக்கும் அதே இரண்டு கைகள்தான் 34.6 கிலோ பெட்டியையும் தூக்குகின்றன. அந்தக் கைகளுக்காக ஒரு விதி இருக்கிறது. ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பெரும்பாலான இடங்களில் வைத்திருக்கிறார்கள். லோடரின் முதுகுத்தண்டைக் காப்பாற்றும் அந்த விதியை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அதை மட்டும் சொல்லி, இரண்டு பெட்டியாகப் பிரித்துத் தாருங்கள் என்று கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அந்த 4.6 ஐ 5 ஆக்கியதையும் விட்டுவிட மனசில்லை. எங்கள் தொழிலில் அதற்கு சீலிங் ஃபங்ஷன் என்று பெயர். பயணிக்கு 29.4 வந்தால் மிச்சம் 0.6 கிலோவைத் திருப்பித் தரும் ஃபங்ஷனை எவரும் எழுதுவதில்லை.

எடைக்கான விலை என்ற வாதத்தை உடைக்க எரிபொருள் கணக்குகூடத் தேவையில்லை. ஒரே ஒரு விஷயம் போதும். நான் டிக்கெட் எடுக்கும்போது அதே விமானத்துக்கு, கூடுதல் 5 கிலோ 1400 ரூபாய் என்று ஆப் காட்டியது. வேண்டாம் என்று தள்ளிவிட்டேன். அதே 5 கிலோ, அதே விமானத்தின் வயிறு, அதே எரிபொருள், மூன்று வாரம் கழித்துக் கவுண்டரில் 3000. மூன்று வாரத்தில் பொருளின் எடை கூடிவிடவில்லை. கூடியது ஒன்றே ஒன்றுதான்: அந்த மனிதருக்கு இனி வேறு வழியில்லை என்பது. ஆப்பில் முன்கூட்டியே வாங்க வேண்டும் என்று தெரியாததற்கு, டிக்கெட்டை ஏஜென்ட் எடுத்துக் கொடுத்ததற்கு, அந்த ஆப் அவருக்குத் தெரியாத மொழியில் இருப்பதற்கு வாங்கும் அபராதம் இது. கட்டணம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பஸ்ஸிலும் லக்கேஜ் டிக்கெட் உண்டே என்பீர்கள். உண்டு. கண்டக்டர் மூட்டையைப் பார்த்து ஒரு தொகை சொல்வார், நாம் கொஞ்சம் முனகிவிட்டுக் கொடுப்போம். ஆனால் புறப்படும் நேரம் நெருங்க நெருங்க மூட்டையின் விலை அங்கே இரட்டிப்பாவதில்லை. ரயிலில் ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு 40 கிலோ இலவசம் என்று விதியே இருக்கிறது. அதைத் தராசில் வைத்துப் பார்த்த டிடிஇ ஒருவரையும் நான் கண்டதில்லை.

இது எப்படித் தொடங்கியது என்று பார்த்தால் சிரிப்பு வரும். 2006 இல் ஐரோப்பாவில் ரயன்ஏர் பெட்டிக்குத் தனிக் காசு வாங்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 2008. அந்த ஆண்டு கச்சா எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போய், ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஜூன் மாதம் முதல் பெட்டிக்கு 15 டாலர் வாங்க ஆரம்பித்தது. எண்ணெய் விலைதான் காரணம், என்ன செய்வது என்றார்கள். டிசம்பரில் எண்ணெய் 40 டாலருக்கும் கீழே விழுந்தது. 15 டாலர் கீழே விழவில்லை. 2024 இல் அது ஆன்லைனில் 35, விமான நிலையத்தில் 40 ஆனது. அமெரிக்க விமான நிறுவனங்கள் பெட்டிக் கட்டணமாக மட்டும் 2023 இல் வசூலித்தது 700 கோடி டாலருக்கும் மேல். அங்கே உள்நாட்டு டிக்கெட் விலைமேல் 7.5 சதவீத வரி உண்டு, பெட்டிக் கட்டணத்தின்மேல் அந்த வரி கிடையாது. டிக்கெட்டிலிருந்து பெட்டியைப் பிய்த்துத் தனியாக விற்பதில் இப்படியும் ஒரு லாபம். ‘பெட்டி இலவசம்’ என்பதையே விளம்பரமாக வைத்திருந்த சவுத்வெஸ்ட்டும் 2025 மே மாதம் அந்தக் கொடியை இறக்கிவிட்டது.

கைப்பையையும் விடவில்லை. 2010 இல் ஸ்பிரிட் ஏர்லைன்ஸ், தலைக்கு மேலே வைக்கும் பைக்கும் காசு என்றது. 2024 நவம்பரில் அமெரிக்க செனட்டின் விசாரணைத் துணைக்குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் உள்ள ஒரு தகவலைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஸ்பிரிட்டும் ஃப்ரான்டியரும் தங்கள் கேட் ஊழியர்களுக்கும் மற்றவர்களுக்கும் 2 கோடியே 60 லட்சம் டாலர் ஊக்கத்தொகை கொடுத்திருக்கின்றன. எதற்கு? பெரிய பையோடு வருபவர்களைப் பிடித்துக் காசு வாங்கவைப்பதற்கு. கேட்டில் நின்று பையை அந்த இரும்புக் கூண்டுக்குள் திணித்துப் பார்க்கச் சொல்லும் ஊழியருக்குப் பை அடங்காவிட்டால் கமிஷன். பை அடங்கினால் ஒன்றுமில்லை. ஒரு தராசுக்காரருக்கு, எடை கூடக் காட்டினால் சம்பளம் கூடும் என்று சொல்லிவைத்தால் அந்தக் கடையை நம் ஊரில் என்னவென்று சொல்வோம்?

ஐரோப்பாவில் கொஞ்சம் எதிர்த்துப் பார்த்தார்கள். பயணி கையில் கொண்டுபோகும் பை பயணத்தின் பிரிக்க முடியாத பகுதி, நியாயமான அளவிலும் எடையிலும் இருந்தால் அதற்குத் தனிக் காசு வாங்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 இல் ஒரு தீர்ப்பில் சொன்னது. ‘நியாயமான’ என்ற சொல்லுக்குள் நிறுவனங்கள் குடியேறிக்கொண்டன. 2024 இல் ஸ்பெயின் அரசு ஐந்து நிறுவனங்களுக்கு மொத்தம் 17 கோடியே 90 லட்சம் யூரோ அபராதம் போட்டது. அவை கோர்ட்டுக்குப் போயின.

நம் கதையும் அதேதான். உள்நாட்டு விமானங்களில் 15 கிலோவுக்கு மேல், 20 கிலோ வரை, கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று டிஜிசிஏ 2016 இல் உச்சவரம்பு வைத்தது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017 இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உச்சவரம்பை ரத்து செய்தது. 2021 பிப்ரவரியில் அதே டிஜிசிஏ, பெட்டியே இல்லாமல் பயணிப்பவருக்குத் தனியாகக் குறைந்த விலை டிக்கெட் விற்கலாம் என்று அனுமதித்தது. வளைகுடா வழித்தடத்தில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2024 ஆகஸ்டில் 30 கிலோவை 20 ஆகக் குறைத்தது, சில மாதத்தில் மறுபடி 30 ஆக்கியது. இடைப்பட்ட அந்த மாதங்களில் ஊருக்கு வந்தவர்கள் எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தார்கள் என்று யார் கணக்கு வைத்திருப்பார்கள்?

இப்போது எதிர்த்தரப்பின் நல்ல வாதத்துக்கு வருகிறேன். ‘பெட்டி கொண்டுவராதவன் எதற்காகப் பெட்டிக்காரனின் செலவைச் சுமக்க வேண்டும்? அவரவர் பயன்படுத்துவதற்கு அவரவர் காசு.’ கேட்பதற்கு அப்பழுக்கில்லாத நியாயம். பொருளாதாரம் படித்த நண்பன் இதைச் சொன்னபோது நானும் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் அன்று திருச்சியில் என்ன நடந்தது என்று பாருங்கள். என் டிக்கெட்டிலும் 30 கிலோ இருந்தது. நான் ஒரு கிலோகூடப் பயன்படுத்தவில்லை. எனக்கு யாராவது காசைத் திருப்பித் தந்தார்களா? இல்லை. நான் கொண்டுவராத 30 கிலோவும் அவர் கூடுதலாகக் கொண்டுவந்த 4.6 கிலோவும் ஒரே வயிற்றுக்குள்தான். எங்கள் இருவரின் பங்கு 60 கிலோ, ஏறியது 34.6. விமானத்துக்கு மொத்த எடைதான் தெரியும். கூடுதலாகப் பயன்படுத்தியவரிடம் வாங்குவார்கள், குறைவாகப் பயன்படுத்தியவனுக்குத் தரமாட்டார்கள் என்றால் ‘அவரவர் பயன்பாட்டுக்கு அவரவர் காசு’ என்பது ஒருவழிப் பாதை. போலீஸ்காரரும் இல்லை.

இதைவிட அழகான ஒன்று இருக்கிறது. அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் தங்க அட்டை, வெள்ளி அட்டை எல்லாம் பார்த்திருப்பீர்கள். வருஷத்துக்கு நாற்பது முறை, கம்பெனி செலவில், லேப்டாப் பையோடு மட்டும் போய்வருகிறவருக்குத்தான் அந்த அட்டை. அதில் முக்கியமான சலுகை என்ன? கூடுதலாக 10 கிலோ, 20 கிலோ பெட்டி இலவசம்! எடைதான் பிரச்சினை என்றால் தங்க அட்டைக்காரரின் 20 கிலோ மட்டும் எப்படி மிதக்கிறது? ஒன்றும் தூக்காதவருக்குத்தான் தூக்கும் உரிமை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் வருகிற டக்ட் வேலைக்காரருக்கு மூவாயிரம்.

மலிவு விமானம் வந்ததால்தானே அவரே பறக்கிறார், நன்றி வேண்டாமா என்றும் ஒரு குரல் கேட்கும். சூரரைப் போற்று பார்த்துக் கண்கலங்கிய தலைமுறை நாம். நானும்தான் கலங்கினேன். சாமானியன் பறக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் சாமானியன் எதற்குப் பறக்கிறான்? அவன் ஊர் சுற்றப் போகவில்லை. அவன் பயணமே சுமப்பதற்காகத்தான். கல்யாணத்துக்கு, பிரசவம் பார்க்க, வேலைக்கு, வேலையிலிருந்து. சாமானியனை ஏற்றிக்கொள்வேன், அவன் மூட்டையை ஏற்ற மாட்டேன் என்பது அவனைப் பாதி ஏற்றிக்கொள்வது. பெருநாளுக்கும் ஸ்கூல் லீவுக்கும் வளைகுடா டிக்கெட் எந்த விலைக்குப் போகும் என்று அந்தக் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த விலையையும் கொடுத்துவிட்டுத்தான் தராசில் நிற்கிறார்கள்.

கொஞ்சம் என் தொழிலைப் பற்றி. நான் சில வருஷம் ஒரு நிறுவனத்தில் பணம் செலுத்தும் பக்கங்களைக் கட்டும் குழுவில் இருந்தேன். விமானத் துறை இல்லை, ஆனால் பாணி ஒன்றேதான். முதல் திரையில் சின்ன விலை. அடுத்த திரையில் ஒரு கட்டணம். அதற்கடுத்து இன்னொன்று. ‘வேண்டாம்’ என்ற பொத்தானைச் சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில், ‘இல்லை, நான் ரிஸ்க் எடுக்கிறேன்’ என்ற வாசகத்தோடு வைப்பது. இரண்டு விதமாகச் செய்து, பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அது என்று காட்டி, எதில் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள் என்று பார்ப்போம். ஏமாறுகிறார்கள் என்று சொல்ல மாட்டோம், கன்வர்ஷன் என்போம். எனக்கு அதற்கு ஒருமுறை பாராட்டுச் சான்றிதழ்கூட வந்தது, எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பதின்மூன்று தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடைசெய்தது. விலையைச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவது, வேண்டாம் என்பவரைக் கூசவைப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. பட்டியலைப் படித்தபோது பழைய வேலையின் மாதாந்திர அறிக்கையைப் படிப்பதுபோல இருந்தது. இந்தத் தந்திரங்கள் யாரிடம் பலிக்காது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என்னிடம். உங்களிடம். ஐந்து டேப் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கிற நம்மிடம். நாம் தப்பித்துக்கொள்கிற காசை யாரோ ஒருவர் கவுண்டரில் கட்டுகிறார். அதனால்தான் நமக்கு டிக்கெட் மலிவு.

நம் ஒற்றைப் பைக்குத் திரும்புகிறேன். லேசாகப் போவது துறவு என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறோம்? என் 6.8 கிலோவில் துண்டு இல்லை, ஏனென்றால் ஹோட்டலில் துண்டு இருக்கிறது. சாப்பாடு இல்லை, இறங்கினால் கடை இருக்கிறது. மருந்து இல்லை, இன்சூரன்ஸ் இருக்கிறது. குளிருக்குத் துணியில்லை, தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம். இத்தனையையும் சேர்த்து ஒரே பொருளாக என் பர்ஸில் வைத்திருந்தேன். அந்த அட்டையின் எடை 5 கிராம். என் எக்ஸெல் பட்டியலில் மிகவும் கனமான பொருள் அதுதான், நான் அதைத் தவறாக நிறுத்திருந்தேன். அறந்தாங்கிக்காரரிடம் அந்த 5 கிராம் இல்லை, அதனால் அவர் 34.6 கிலோவாகக் கொண்டுவந்தார். போகிற இடத்தில் காசுகொடுத்து வாங்க முடியாததை, அல்லது வாங்கக் கட்டுப்படியாகாததை மனிதர்கள் சுமந்து போகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு முப்பத்துநாலு வயதாகியிருக்கிறது.

நம் மரபில் பயணி என்றால் மூட்டைதான். கட்டுச்சோறு இல்லாமல் யாரும் வீட்டுப் படி இறங்கியதில்லை. மலைபடுகடாம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், கூத்தர்கள் அத்தனை இசைக்கருவிகளையும் பைகளில் கட்டித் தூக்கிக்கொண்டுதான் மலைவழி நடக்கிறார்கள். அந்தப் பைக்குக் கலப்பை என்று பெயர். ஆற்றுப்படை நூல்களின் அமைப்பே சுமையைச் சுற்றித்தான்: பரிசில் பெற்றுத் திரும்புகிறவன் எதிரே வருகிற இல்லாதவனுக்கு வழி சொல்கிறான். திரும்புகிறவன் கையில் இருப்பதுதான் அவன் சொல்வதற்குச் சாட்சி. ஊருக்குள் நுழையும்போது வெறுங்கையோடு வருகிற பாணனை யார் நம்புவார்கள்? எண்பதுகளில், தொண்ணூறுகளில் துபாயிலிருந்து வந்த மாமாக்களின் பெட்டியைச் சுற்றித் தெருவே உட்கார்ந்திருக்கும். டாங் பவுடர், நிடோ டப்பா, டார்ச் லைட், ரோஜாப்பூ போட்ட கனத்த போர்வை, சென்ட். சிங்கப்பூர்ப் பெட்டியென்றால் கோடாலித் தைலம். கேலி செய்வதற்கு இதில் நிறைய இருக்கிறது, சினிமா அதைப் போதுமான அளவு செய்துவிட்டது. ஆனால் இரண்டு வருஷம் முகம் காட்டாத மனிதன், தன்னை எல்லோரும் மறந்துவிடவில்லை என்று உறுதிசெய்துகொள்ள வேறு என்ன வழி இருந்தது அவனுக்கு?

துபாயில் இறங்கிப் பெல்ட் பக்கம் போனேன். எனக்கு அங்கே வேலையில்லை, பை முதுகிலேயே இருந்தது. அவரைப் பார்க்கத்தான் போனேன் என்று சொன்னால் நல்லவன்போல இருக்கும். பாத்ரூம் அந்தப் பக்கம் இருந்தது. அவர் நின்றிருந்தார். இரண்டு சட்டை, அதன்மேல் ஒரு ஸ்வெட்டர், காலில் கனமான சேஃப்டி ஷூ. பெட்டிக்குள் இருந்ததை உடம்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். உடம்பில் இருந்தால் அதே எடைக்குக் காசில்லை பாருங்கள்.

“கட்டுனீங்களாண்ணே?”

“ரெண்டு கிலோவுக்குக் கட்டுனேன் தம்பி. மிச்சத்த எடுத்துட்டேன்.”

“எத விட்டீங்க?”

“நம்மளோடதத்தான். போர்வ ஒண்ணு, ஊறுகா பாட்டிலு, அரிசி முறுக்கு ஒரு டின்னு. வாசலுக்கு ஓடிப்போயிப் பாத்தா வீட்டுல பஸ்ஸுக்குக் கெளம்பிருச்சு. அங்க கூட்டுற அம்மாட்ட குடுத்துட்டு வந்தேன்.”

“மத்ததெல்லாம்?”

“அது ரூம்ல உள்ளவங்களோடது. எட்டுப் பேரு இருக்கோம். யாராச்சும் ஊருக்குப் போனா எட்டு வீட்டுலேர்ந்தும் ஒரு பொட்டலம் வரும். மளிகக் கடத் தராசுல போட்டுப் பாத்தப்ப இருபத்தொம்பதே முக்கால்தான் இருந்துச்சு. கெளம்பும்போது ஒரு வீட்டுலேர்ந்து வந்து குடுத்துட்டுப் போனாங்க. எப்புடி வேணாங்குறது?”

34.6 கிலோ ஒரு மனிதரின் பேராசை என்று நான் நினைத்திருந்தேன். எட்டு வீட்டின் கணக்கில் பார்த்தால் தலைக்கு 4.3 கிலோ. என்னைவிட லேசாகத்தான் வந்திருக்கிறார்கள்.

கட்டணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று விஷயம் கேட்கிறேன். கூடுதல் கிலோவுக்கு மூன்று வாரத்துக்கு முன் என்ன விலையோ அதே விலைதான் கவுண்டரிலும் இருக்க வேண்டும். பயன்படுத்தாத கிலோவுக்குக் காசைத் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் கூடுதல் கிலோவுக்கும் வாங்கக் கூடாது. திருச்சியிலிருந்து பறக்கும் விமானத்தின் பெட்டி விதிகள் டிக்கெட்டிலேயே தமிழில் அச்சாகியிருக்க வேண்டும், ஏஜென்ட் கொடுக்கும் அந்த ஒற்றைத் தாளிலும். இதில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. இரண்டு வாரத்தில் எழுதிவிடலாம், நானே எழுதித் தருகிறேன். இதைச் செய்யாததற்குக் காரணம் அந்த 3000 இல் இருக்கிறது.

அந்தப் பயணத்துக்கு முந்தைய நாள் வீட்டில் நடந்ததை இதுவரை சொல்லவில்லை. அம்மா சமையலறையிலிருந்து நாலைந்து டப்பாவை எடுத்து வந்து என் பை பக்கத்தில் வைத்தாள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, வத்தக்குழம்புக்கு என்று தனியாக அரைத்தது ஒன்று. “வேண்டாம்மா, நான் லைட்டா போறேன்” என்றேன். நாலு வருஷமாக ஒவ்வொரு பயணத்துக்கும் இதே பதில்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் டப்பாக்களைத் திரும்ப எடுத்துப்போய் அலமாரியில் வைத்தாள். நாலு நாள் கழித்து துபாய் கராமாவில் ஓர் இட்லிக் கடையில் உட்கார்ந்து, பொடி இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன். அதற்குத் தனிக் காசு என்றார்கள்.

போன மாதம் மறுபடி போக வேண்டியிருந்தது. கொக்கித் தராசை அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். பொடி வகை, நார்த்தங்காய், எதிர்வீட்டுக்காரர்களின் மகன் ஷார்ஜாவில் இருக்கிறானாம், அவனுக்கு ஒரு பொட்டலம், எல்லாம் சேர்த்து 11.4 காட்டியது. எதிர்வீட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, முன்னால் வைத்து, கசகசா போட்டிருக்கிறதா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டேன்.